எந்த விமானம் நல்லது, மேடம்?

— அது இருக்கட்டும் மேடம், உங்க லவுஞ்ச்ல சோபாவா, நாற்காலியா?

— ரெண்டும் இருக்கு சார். நீங்க எங்க கோல்டு கார்டு வெச்சிருக்கறதால எந்த ஏர்போர்ட்லயும் உங்களுக்கு லவுஞ்ச் இலவசம். சாப்பாடு, காபி, குளிக்கற வசதி எல்லாம்...

— குளியல் வேணாம். தண்ணி படக் கூடாது. அந்த இன்னொரு கம்பெனி லவுஞ்ச்ல போன மாசம் உக்காந்து பார்த்தேன். அங்க நான் வெறும் சில்வர்தான், ஆனாலும் உள்ள விட்டான். சோபா ஆளையே முழுங்குது மேடம். எழுந்திருக்கணும்னா யாராவது கை குடுக்கணும். எனக்கு வயிறு மடங்காம எழுந்திருக்கற மாதிரி வேணும்.

— எங்க நாற்காலி நல்ல உயரம் சார். ரெண்டு கம்பெனியிலயும் டிக்கெட் எடுத்து வெச்சிருக்கேன்னு சொன்னீங்க. இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள ஒண்ணை ரத்து பண்ணியாகணும். எங்களுதை வெச்சுக்கிட்டு அதை விட்டுடுங்க சார்.

— எல்லா கம்பெனிக்காரனும் இதைத்தான் சொல்லுவான். வாரத்துக்கு ஒரு ஊர் போறவன் மேடம் நான். லிஃப்ட் மாட்டறது, ரிப்பேர் பாக்கறது, அதுதான் பொழப்பு. கழிவறை பக்கத்துல நடு சீட்டுல உக்காந்துகூட தூங்கியிருக்கேன். இந்த ஒரு தடவைதான் இது வேணும் அது வேணும்னு கேக்கறேன். போகும்போது எங்க வேணா போட்டுக்கோங்க. திரும்பி வரும்போது மட்டும் படுத்துட்டு வரணும்.

— கண்டிப்பா சார். நீங்க பறந்து பறந்து சேர்த்த மைல்ஸை வெச்சு பிசினஸ் கிளாஸுக்கு மாத்திக்கலாம். சீட்டு அப்படியே கட்டில் மாதிரி நீளும்.

— இப்பவே உறுதியா குடுப்பீங்களா, இல்ல காத்திருக்கச் சொல்லுவீங்களா?

— அது... இடம் இருந்தா, கிளம்பறதுக்கு முந்தின நாள் உறுதியாகும் சார்.

— பாத்தீங்களா? அவன் இப்பவே உறுதின்றான். என்ன, மைல்ஸை உங்களைவிட ஒரு மடங்கு கூட உருவறான்.

— ஆனா தேதி மாத்தணும்னா அவங்க உங்களைச் சும்மா விட மாட்டாங்க சார். நாங்க கோல்டுக்கு எத்தனை தடவை வேணா மாத்தித் தர்றோம்.

— அது நல்ல விஷயம். தேதி தள்ளிப் போகலாம். அங்க எப்ப விடறாங்களோ அப்பதான் கிளம்ப முடியும். பெட்டி? என்னால தூக்க முடியாது. சின்னப் பைகூட முடியாது.

— வாசல்லேர்ந்தே எங்க ஆளு தூக்கிட்டு வருவார் சார். வீல்சேர் வேணுமா?

— போகும்போது வேணாம்.

— சரி சார்.

— இன்னும் ஒண்ணு. கார்டுக்காரர் இல்லாம போயிட்டார்னா, அவர் சேர்த்த மைல்ஸ் என்ன ஆகும்?

— திட்டத்தை விட்டு விலகிட்டாலா சார்?

— இல்ல மேடம். ஆளே இல்லாம போயிட்டா.

— ...எங்ககிட்ட வீட்டுக்காரங்க பேருக்கு மாத்திக்கலாம் சார்.

— அவன்கிட்ட அப்படியே அழிஞ்சுடுமாம். சரி, இதுல உங்களுக்கு ஒரு மார்க் கூட.

— சார், நான் இதைக் கேக்கக் கூடாது. இங்க பேசறதெல்லாம் பதிவாகுது. இருந்தாலும்... உடம்புக்கு ஏதாவதா?

— எனக்கு ஒண்ணும் இல்ல. நான் நல்லா இருக்கறதாலதான் கூப்பிடறாங்க. எங்க அண்ணனுக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. என்கிட்ட ரெண்டு இருக்கு. ஒண்ணைக் குடுத்துட்டு வரப் போறேன். அவ்வளவுதான்.

— சார்...

— அவ்வளவுதான்னு சொல்றேன், ஆனா பயமா இருக்கு. மாடி மாடியா லிஃப்ட் குழியில கயித்துல தொங்கியிருக்கேன் மேடம். அப்பகூட இப்படி இல்ல. கண்ணை மூடினா அந்த ஆபரேஷன் டேபிள்தான் வருது. அதான் லவுஞ்ச், சீட்டு, நாற்காலின்னு எதையாவது நோண்டிட்டே இருக்கேன். இது ஓடற வரைக்கும் அது வராது.

— கூட யாரு சார் வர்றாங்க?

— யாரும் இல்ல. வீட்ல, கம்பெனி ட்ரெயினிங்னு சொல்லியிருக்கேன்.

— ஐயோ! உங்க மனைவிக்குத் தெரியாதா?

— எந்த வாயால சொல்லுவேன்? கல்யாணம் பண்ணிட்டு ரெண்டு பேரும் போய் நிக்கறோம், 'இவ நம்ம ஆளு இல்ல'ன்னு அவ மூஞ்சிக்கு நேரா கதவைச் சாத்தினவன் எங்க அண்ணன். அன்னைலேர்ந்து பேச்சு கிடையாது. ஆஸ்பத்திரியில படுத்தப்புறம்தான் தம்பின்னு கூப்பிட்டான். அவனுக்காக என் வயித்தைக் கிழிச்சுக்கப் போறேன்னு போய் இவகிட்ட சொல்லவா?

— சொல்லாம எப்படி சார்? ஏதாவது ஒண்ணுன்னா...

— அதான் மைல்ஸ் யாருக்குப் போகும்னு கேட்டேன். இருங்க, லிஃப்ட் வந்துடுச்சு. மேல மோட்டார் ரூமுக்குப் போகணும். லைன் கட்டாச்சுன்னா நீங்களே ஒரு...

— சார்? ஹலோ? போச்சு. செல்லும் கிடைக்கல... இதோ இன்னொரு நம்பர் குடுத்திருக்காரு, இதுல பார்ப்போம்.

— ஹலோ, யாரு?

— வணக்கம் மேடம், விமானக் கம்பெனியிலேர்ந்து பேசறேன். சார் பேசிட்டிருக்கும்போதே லைன் போயிடுச்சு. இது வீட்டு நம்பரா? தெரியாம அடிச்சுட்டேன், மன்னிச்சுக்கோங்க.

— அவர் மனைவிதான் பேசறேன். என்ன கேட்டார்?

— டிக்கெட் விஷயம்தான் மேடம். மெம்பர் பேசினதை நாங்க வேற யார்கிட்டயும்...

— படுக்கற சீட்டு கேட்டாரா?

— மேடம்...

— நீ ஒண்ணும் சொல்ல வேணாம்மா. எனக்குத் தெரியும்.

— எது மேடம்?

— எல்லாம். ஆஸ்பத்திரியிலேர்ந்து இதே நம்பருக்குத்தான் போன் வந்தது. 'வீட்ல தெரியும், அவங்களுக்கும் சம்மதம்தான்'னு இவர் அங்க அளந்துட்டு வந்திருக்கார். நிஜமான்னு என்னைக் கேட்டாங்க. ஆமா, எனக்குத் தெரியும்னேன். அப்படிச் சொல்லும்போதுதாம்மா தெரிஞ்சுக்கிட்டேன்.

— சம்மதம் இல்லன்னு சொல்லியிருக்கலாமே.

— நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அந்த மனுஷன் மேல எனக்கு இருக்கற கோவம் இன்னும் ஆறல, ஆறவும் ஆறாது. ஆனா நான் வேணாம்னா இவர் போக மாட்டார். அண்ணனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அதுக்கப்புறம் என் மூஞ்சியைப் பார்க்கும்போதெல்லாம் இவருக்கு அண்ணன் மூஞ்சிதான் தெரியும். அப்படி ஒரு குடித்தனம் எனக்கு வேணாம்.

— சார் ரொம்ப பயந்து போயிருக்கார் மேடம். ஐயோ, இதை நான் சொல்லியிருக்கக் கூடாது.

— நான் மட்டும் என்னவாம்? ஒரு வாய் சாப்பாடு இறங்கல. துணி மடிச்சு வெச்சதையே திரும்பத் திரும்ப மடிக்கறேன். இவர் 'ட்ரெயினிங் நல்லா இருக்கும்'ங்கறார், நான் 'ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க'ங்கறேன்.

— தெரியும்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்.

— சொன்னா என்னை வர விட மாட்டார். பையனைப் பார்த்துக்கோ, நீ அங்க வந்து அவங்ககிட்ட அவமானப்படாதேன்னு வாயை அடைச்சுடுவார். நான் பாட்டுக்கு விமானத்துல ஏறி உக்காந்துட்டா? பாதி வானத்துல கதவைத் திறந்து இறக்கியா விடுவார்?

— நீங்களும் போறீங்களா மேடம்!

— பையனைத் தங்கச்சி வீட்ல விடறேன். டிக்கெட்டும் எடுத்தாச்சு.

— கண்டிப்பா மேடம், உங்களை அவர் பக்கத்துலயே உக்கார வெச்சுடறேன். பேரு தேடிப் பார்த்தேன்... எங்க விமானத்துல உங்க பேரு வரலையே?

— உங்களுதுல சீட்டே இல்லன்னுட்டாங்க. அவர் போன்ல ரெண்டு டிக்கெட் இருந்தது, எதை வெச்சுப்பார்னு நான் என்னத்தைக் கண்டேன்? அந்த இன்னொரு கம்பெனியில ஒண்ணு கிடைச்சுது, எடுத்துட்டேன். காலைலேர்ந்து சாமியைக் கும்பிட்டுட்டு உக்காந்திருக்கேன், அதை ரத்து பண்ணிடக் கூடாதேன்னு.

— மேடம், ஒரு நிமிஷம். சார் இன்னொரு லைன்ல வந்துட்டார்.

— அவர் உங்களுதுல ஏறிட்டார்னா, அவர் ஒரு விமானம், நான் ஒரு விமானம். அவ்வளவு பயத்தையும் வெச்சுக்கிட்டு வழி பூரா ஒத்தையா உக்காந்து போவாரும்மா.

— புரியுது மேடம். நீங்க வெச்சுடுங்க... சார்? லைன்ல இருக்கீங்களா?

— இருக்கேன் மேடம். மேல வந்து நிம்மதியா யோசிச்சேன். உங்க பேச்சுதான் சரி. தேதி மாத்தித் தர்றீங்க, பெட்டி தூக்கறீங்க. எல்லாத்துலயும் உங்களுதுதான் மேல. அவனுதை ரத்து பண்ணிடறேன்.

— பண்ணிடாதீங்க சார்!

— என்ன மேடம்? இவ்வளவு நேரம் நீங்கதானே சொன்னீங்க?

— இப்பவும் நான்தான் சொல்றேன் சார். எங்க டிக்கெட்டை நானே ரத்து பண்ணிட்டேன், நீங்க அந்த இன்னொரு கம்பெனி விமானத்துலயே போங்க.