ராஜா மூக்கில் ஒரு வெடிப்பு

— இருங்க. இந்தக் கல்யாணம் வேண்டாம்னு சொல்லத்தானே வந்தீங்க? அதை ஆற அமரச் சொல்லலாம். மொதல்ல இந்தக் காசுல இருக்குற ராஜா மூக்கைப் பாருங்க!

— ஐயா, உங்க பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா நம்ம ரெண்டு குடும்பத்துக்கும் ஏணி வச்சாலும்…

— எட்டாது, எட்டாது. உங்க பையனைப் பத்தி நானும் அதையேதான் சொல்ல இருந்தேன். தீர்ந்துச்சா? லென்ஸைப் பிடிங்க. மூக்கு நுனியிலேர்ந்து விளிம்பு வரைக்கும் ஒரு கோடு ஓடுதா?

— கீறலா இருக்கும்.

— கீறலா! நகத்தால தடவிப் பாருங்க. கீறல்னா பள்ளம். இது மேடு. காசு அடிக்கிற அச்சு வெடிச்சு, அந்த வெடிப்புக்குள்ள வெள்ளி பிதுங்கி நிக்குது. உலகத்துலயே இது ஒண்ணுதான்! இதைப் பார்க்க ஏழு கடல் தாண்டி ஒருத்தன் வந்து நம்ம வாசல்லயே கிடக்குறான்.

— வாசல்ல என் செருப்பு மட்டுந்தான் கிடந்துச்சு.

— டீ குடிக்கப் போயிருப்பான்.

— பொறுங்க, பொறுங்க. நானும் கொஞ்சம் காசு சேர்க்குறவன்தான். இதைப் பாருங்க. கெளம்புறப்ப பையன்தான் எடுத்து என் சட்டைப்பையில போட்டுவிட்டான்.

— அடேயப்பா! அதே ராஜா! அதே மூக்கு! அதே கோடு!

— பொறுங்க. என் கோடு விளிம்பைத் தொடலையே. பாதியிலயே நின்னுடுச்சு.

— அப்ப உங்களுது மூத்தவன்! அடிக்க அடிக்க அச்சுல வெடிப்பு நீளும்ல? உங்க காசு விழுந்தப்ப பாதி, என் காசு விழுந்தப்ப முழுசு. ஒரு வயித்துப் பிள்ளைங்க!

— அந்த வளைவு கூட… ஐயா, லென்ஸுல ராஜாவே ஆடுறார்.

— எனக்கு வீடே ஆடுது!

— பொறுங்க, அப்ப மூணாவது ஒண்ணு இருக்கணுமே? வெடிச்ச அச்சுல கடைசியா ஒரு சில்லு பேந்து போயிருக்குமே?

— ஆமா! அதுல அடிச்ச காசுல மூக்கு எங்க இருக்கும்? அந்த எடத்துல பெரிய கட்டிதான் இருக்கும். உருளைக்கிழங்கு மாட்டின ராஜா! அவர் மட்டும் கிடைச்சா என் பாதிச் சொத்தை எழுதி வைப்பேன், சம்பந்தி!

— என்ன சொன்னீங்க?

— சரி, கால் சொத்து.

— அதில்ல. சம்பந்தின்னீங்க.

— வாய் தவறிடுச்சு.

— தவறட்டும், தவறட்டும். கேக்க நல்லாத்தான் இருக்கு. மூணு பேரும் ஒரே பெட்டியில, பக்கத்துல பக்கத்துல… நெனச்சுப் பாருங்க, சம்பந்தி!

— அப்பா, டீ. மாமா, எடுத்துக்கோங்க.

— இங்க வாம்மா! பொறந்தநாளுக்கு நீ எனக்குக் குடுத்த காசுக்கு ஒரு அண்ணன் கிடைச்சுட்டான்!

— தெரியும்ப்பா. ரெண்டையும் ஒரே கடையில, ஒரே டப்பாவுலேர்ந்து நானும் அவரும்தானே பொறுக்கி எடுத்தோம்! உங்களுக்கு ஒண்ணு, மாமாவுக்கு ஒண்ணு.

— அடிப்பாவி! என்னையே கவுத்துட்டியா!

— பொறுங்க சம்பந்தி, பொறுங்க. ஏம்மா… அந்த டப்பாவுல, மூக்கு பேந்த ராஜா யாராச்சும்…?

— இருந்தார் மாமா, உருளைக்கிழங்கோட. ஆனா அவர் நேரா கல்யாணத்துக்குத்தான் வருவாராம்.