பன்னண்டு எண்ணும் வரை

— ஏங்க, மெதுவா ஊத்துங்க. பாலு குழாய் வழியா நேரா இவ வயித்துக்குள்ள போகுது. நீங்க சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற வேகம் இங்க ஆகாது.

— சரிம்மா. வலது கையைச் சுட்டுக்கிட்டும் உன் அதிகாரம் குறையல.

— அஞ்சு வருஷத்துல ஒரு வேளைகூட நான் யாருகிட்டயும் விட்டதில்லயே. வேகமாப் போனா வாந்தி எடுப்பா. பயமா இருக்கு.

— பெத்தவன்கிட்டதானே விட்டிருக்க? என்ன மேடம், அப்பா ஒழுங்கா ஊத்துறேனா? பாரு, சிரிக்கிறா.

— அந்த சிரிஞ்சு காலியாச்சா? நிறுத்துங்க. நான் சொன்னாதான் அடுத்தது.

— முதல் கோட்டு காஞ்சாதான் ரெண்டாவது கோட்டு. எங்க தொழில்லயும் அதேதான்.

— ம், இப்ப ஊத்துங்க. ஊத்திக்கிட்டே கேளுங்க. நாளைக்குப் பத்து மணிக்குள்ள ஸ்கூல்ல ஃபாரத்தைக் குடுக்கணும். நான் கையெழுத்துப் போட்டாச்சு. உங்களுதுதான் பாக்கி.

— எனக்கு மனசு வரல. படிக்கிற வகுப்பு வேணாம், சும்மா பாத்துக்கிற அறையில வெச்சுக்கறோம்னு எழுதியிருக்காங்க. ஒரு தடவை அங்க போட்டா அதோட சரி. அப்புறம் இவளுக்கு யாரு ஒரு எழுத்து சொல்லிக்குடுப்பா?

— எனக்கு மட்டும் இனிக்குதா? மூணு ஆபரேஷன் ஆச்சு. ஒரு காது கேக்கல, பேச்சு வரல, ரெண்டு கையிலயும் கட்டைவிரலை விட்டா ரெண்டே விரல். இதையெல்லாம் தாங்கிக்கிட்டேன். டெஸ்ட் எடுத்த டீச்சர் ஒரு மணி நேரம் கலர் கட்டையா அடுக்கிக் காட்டினாங்க. இவ கையை நோண்டிக்கிட்டே உக்காந்திருந்தா. ‘அர்த்தமில்லாத கை அசைவு’ன்னு எழுதிட்டாங்க. வீட்டுலயும் அதேதானே பண்றா? ம், அடுத்தது ஊத்துங்க.

— இரும்மா. நீ சொல்றப்பவே இவ விட்டுட்டா.

— எதை விட்டுட்டா?

— என் மணிக்கட்டை. ஊத்தி முடிச்ச உடனே பிடிச்சுக்கறா. நீ ‘ஊத்துங்க’ன்னு சொல்ற நேரத்துக்கு விட்டுடறா. ரெண்டு தடவையும்.

— என் குரல் கேட்டு விட்டிருப்பா.

— அப்படின்னா இந்தத் தடவை வாயைத் திறக்காத. இதோ, ஊத்தி முடிச்சாச்சு. பிடிச்சுக்கிட்டா. பேசாம இரு.

— ...

— விட்டுட்டா.

— சரியா இப்பதாங்க நான் பன்னண்டு எண்ணி முடிச்சேன். ஒரு சிரிஞ்சுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல எப்பவும் அவ்வளவு இடைவெளி விடுவேன்.

— எதுல எண்ணுற நீ?

— விரல்லதான். கட்டைவிரலால ஒவ்வொரு கணுவாத் தொட்டுக்கிட்டே வருவேன். விரலுக்கு மூணு, நாலு விரலுக்குப் பன்னண்டு. கண்ணு பால்லயே இருக்கும், கை தானா எண்ணும். வாய்விட்டு ஒரு நாளும் எண்ணினதில்ல. இவளுக்குச் சொல்லியும் குடுக்கல.

— நீ பாலைப் பாத்த. இவ உன் கையைப் பாத்திருக்கா. கிட்ட வா. அடுத்த சிரிஞ்சையும் ஊத்தி முடிச்சாச்சு. இவளோட இன்னொரு கையைப் பாரு.

— அதே நோண்டல்தான். ஐயோ, இல்லங்க, கணுவைத் தொடுறா. ஒண்ணு விடாம தொடுறா. ஆனா ரெண்டு விரலுக்கு ஆறு கணுதானே இருக்கு? ஆறோட நின்னுடணுமே.

— நிக்கல பாரு. முதல் கணுவுக்கே திரும்பி வந்துட்டா. ரெண்டாவது சுத்து போறா.

— பேனாவுல போட்ட கையெழுத்தை எப்படிங்க அழிக்கிறது?