கைராசி டாக்டர் பெயரில்

சித்திரை மாதம், மத்தியானம் ஒன்றரை மணி. பூதலூரிலிருந்து ஆற்றோரமாகப் போகிற ரோடு. ஆற்றில் தண்ணீர் இல்லை, வயலில் ஆள் இல்லை, ரோட்டில் ஒரு நாய்கூட இல்லை... கலந்தர் மட்டும் பைக்கில் போய்க்கொண்டிருக்கிறான்.

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? பேய் என்றால் ராத்திரிதான் வர வேண்டுமா? உச்சி வெயிலிலும் அதுகள் நடமாடும். எழில்மொழி, அந்தச் செல்போன் விளக்கை அணை. மண்டபத்துக்குக் கரண்ட் வரும்போது வரட்டும். மாப்பிள்ளை வீட்டார் வர இன்னும் நேரம் இருக்கிறது. எல்லாரும் கிட்ட வந்து உட்காருங்கள்.

"கொலுசுச் சத்தம் வருமாக்கா?"

வராது. மல்லிகைப்பூ வாசமும் வராது. அதெல்லாம் வேலையில்லாத பேய்களுக்கு.

கலந்தர், என்னோடு படித்த ஷமீராவின் அண்ணன். கம்ப்யூட்டர்களை ஒன்றோடு ஒன்று இணைத்துக் கொடுப்பது அவன் தொழில். நடுவில் சர்வர் என்று ஒரு பெரிய கம்ப்யூட்டர் இருக்கும். ஃபைலெல்லாம் அதில்தான். யார் எதைத் திறக்கலாம், யார் எதை மாற்றலாம் என்று அதில் விதி போட்டு வைப்பது இவன் வேலை.

அன்றைக்கு அவனைக் கூப்பிட்டது ஒரு ஸ்கேன் சென்டர். பெயர் வேண்டாம், அவர்களுக்கு நான் ஏன் விளம்பரம் செய்ய வேண்டும்? அன்று காலைதான் அவன் மனைவி ஃபஹ்மிதாவும் அங்கே தலைக்கு ஸ்கேன் எடுத்துவிட்டு வந்திருந்தாள். இரண்டு மாதமாகத் தலைவலி, வாந்தி. மாலையில் ரிப்போர்ட் தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

அங்கே படம் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற டாக்டர் பஞ்சாபகேசன். கைராசிக்காரர். அவர் பார்த்துச் சொன்னால் நோய் பாதி போன மாதிரி என்று வேளாங்கண்ணிப் பக்கத்திலிருந்தெல்லாம் வருவார்கள். கலந்தர் உள்ளே நுழைகிறான்... வரவேற்பறைச் சுவரில் அவர் படம். சந்தன மாலை.

"டாக்டர் தவறிட்டாரா?"

"தை மாசமேண்ணே" என்றான் முதலாளி மகன் விஸ்வா. "இப்ப படத்தை வெளியூர் டாக்டருக்கு அனுப்பிப் பார்த்துக்கிறோம். கையெழுத்து மட்டும் இவரோடது. ராசியான பேரு பாருங்க, அதை எதுக்கு எடுக்கணும்?"

கலந்தர் நம்பினான். வெளியூர் டாக்டர் என்று ஒருவருமே இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. ஒரு பழைய ரிப்போர்ட்டைத் திறப்பார்கள், ஆள் பெயரை மாற்றுவார்கள், 'கோளாறு எதுவும் இல்லை' என்று சேவ் செய்வார்கள். செத்தவர் கையெழுத்து தானாக வந்து விழும். சுவரில் மாலை, காகிதத்தில் கையெழுத்து. இந்த அயோக்கியத்தனத்துக்கு ராசி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"ஒரே ஒரு ரிப்போர்ட் மட்டும் சேவ் ஆக மாட்டேங்குதுண்ணே. வேற யாரோ திறந்து வெச்சிருக்காங்கன்னு சொல்லுது. இங்க யாரும் திறக்கல."

கலந்தர் சர்வர் முன்னால் உட்கார்ந்தான். எந்த ஃபைலை யார் திறந்திருக்கிறார்கள், எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து என்று அதில் தெரியும். பெயர்: பஞ்சாபகேசன். அதில் அதிசயமில்லை, எல்லாரும் அவர் பெயரில்தான் உள்ளே நுழைகிறார்கள். கம்ப்யூட்டர்: டாக்டர் அறையில் இருப்பது.

"அந்த ரூம் அவர் போனதுலேர்ந்து பூட்டித்தாண்ணே கிடக்கு."

கலந்தர் எழுந்து போனான். நீள நடை. கடைசியில் அந்த அறை. வெளியே பூட்டு. கிட்டப் போகப் போக... பன்னீர்ப் புகையிலை வாடை. டாக்டர் வெற்றிலை போடுகிறவர்.

அப்புறம் அந்தச் சத்தம்.

டிக்... டிக்... டிக்...

மவுஸின் சக்கரத்தை விரலால் உருட்டுகிற சத்தம். ஸ்கேன் படத்தை அடுக்கடுக்காகப் புரட்ட அப்படித்தான் உருட்டுவார்கள். போய்க்கொண்டே இருந்தது... ஓரிடத்தில் நின்றது. பின்னால் வந்தது. மறுபடி போய், மறுபடி அதே இடத்தில் நின்றது.

கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தான். காலி நாற்காலி. கறுத்துக் கிடந்த திரை. கம்ப்யூட்டரின் கரண்ட் ஒயரைச் சுருட்டி மேசைமேல் வைத்திருந்தார்கள்.

திரும்பி வந்து சர்வர் முன்னால் உட்கார்ந்தான். சத்தமும் வாடையும் அங்கேயும் கூடவே வந்தன. பயந்துவிட்டான், அதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த ஃபைலை மூடினான். அது திறந்துகொண்டது. மூடினான். திறந்துகொண்டது. கடைசியில், டாக்டர் அறைக் கம்ப்யூட்டருக்கு இனி எந்த ஃபைலையும் தொட அனுமதியில்லை என்று சர்வரில் ஒரு விதி போட்டான். முன்னால் இருக்கிற கம்ப்யூட்டர்களுக்கு எல்லா அனுமதியும் கொடுத்தான்.

சத்தம் நின்றது. வாடையும் போய்விட்டது.

விஸ்வா உடனே சேவ் செய்தான். பிரிண்டர் ஓடியது. ஃபைலுக்கு நம்பர்தான் உண்டு, யாருடையது என்று கலந்தருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை, வெளியே போனால் போதும் என்றிருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் ஃபஹ்மிதா பாயசம் வைத்திருக்கிறாள். "ஒண்ணுமில்லைன்னு வந்துடுச்சுங்க. நான்தான் வீணாப் பயந்துட்டேன்." ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தான்.

அதே நம்பர்.

அவன் சொல்லவில்லை. அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாளாம். ஏதோ கம்ப்யூட்டர் கோளாறு என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு பாயசத்தைக் குடித்தான். இந்த இடத்தில்தான் எனக்கு அவன்மேல் ஆத்திரம் வரும். மறுநாளே வேறு டாக்டரிடம் கூட்டிப்போயிருக்க வேண்டாமா?

ஆவணியில் அவளுக்கு ஒரு பக்கம் கை விழுந்துவிட்டது. தஞ்சாவூர்ப் பெரிய டாக்டர் சித்திரையில் எடுத்த படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கட்டி அப்பவே தெளிவாத் தெரியுதே. அப்பவே வந்திருந்தா எடுத்திருக்கலாம். யாருங்க இதைப் பார்த்தது?"

கலந்தர் ரிப்போர்ட்டில் இருந்த கையெழுத்தைக் காட்டினான்.

ஐப்பசி அடைமழையில் ஃபஹ்மிதா போய்ச் சேர்ந்தாள். குழியில் ஊறிய தண்ணீரை வாளியால் இறைத்துவிட்டுத்தான் அடக்கம் செய்தார்கள். வக்கீலிடம் போனான். கையெழுத்துப் போட்டவர் யார்? பஞ்சாபகேசன். அவர் எங்கே? செத்துவிட்டார். தேதி பார்த்தால், கையெழுத்துக்கு முன்பே செத்திருக்கிறார். யார்மேல் கேஸ் போடுவது என்று வக்கீல் கேட்டார். சென்டர் ஒரு நாள்கூட மூடவில்லை. அதே ராசி, அதே கூட்டம்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடித்து, வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருக்கும்போது அவனுக்கு ஒரு போன். பேசியது ஹம்சத்வனி என்று ஒரு பெண். அந்த சென்டரில் புதிதாகச் சேர்ந்தவள். இவனையும் தெரியாது, இவன் வீட்டில் நடந்ததும் தெரியாது. சர்வர்மேல் ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறாள்.

"அண்ணே, காலைலேர்ந்து ஒரு ரிப்போர்ட்டும் சேவ் ஆகலண்ணே. எல்லாத்தையும் ஒருத்தரே திறந்து வெச்சிருக்காங்க. டாக்டர் ரூம் கம்ப்யூட்டர்னு காட்டுது."

"யார் பேரு காட்டுது?" என்று கேட்டான்.

"டாக்டர் பேரு இல்லண்ணே. ஏதோ புதுப் பேரு... ஃபஹ்மிதான்னு போட்டிருக்கு. நீங்க சேர்த்தீங்களா? வெளியே கூட்டம் சத்தம் போடுது. நானே அவங்களை மூடி விட்டுடவாண்ணே?"