அஞ்சாவது இடம்

– காய்ச்சல்னு மெயில் போட்டுட்டேன். நாளைக்கு செஸ் போட்டிக்கு நான் போகல.

– காய்ச்சலா? நெத்தி சில்லுனு இருக்கு. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் போன்ல ரேட்டிங் பாக்குறதுக்குப் பேரு காய்ச்சலா?

– கிண்டல் பண்ணாதம்மா. போன போட்டியில என்ன ஆச்சு? எவனோ ஒருத்தன், பேரு கூட வாயில நுழையல. ரேட்டிங்க பாத்தா என் முட்டி உயரம்தான். உக்காந்தான் பாரு, அசைக்கவே முடியல. டிரா! ரேட்டிங்ல நாலு புள்ளி போச்சு.

– டிரா தானே? தோக்கலையே.

– நீயே இப்படிக் கேக்குற! அவன ஜெயிச்சா ஒரே புள்ளி, டிரா பண்ணா நாலு போகும். இதென்ன நியாயம்? வருஷக்கணக்கா சேத்ததை ரெண்டு மூணு போட்டியில உருவிட்டானுங்க.

– அதுக்குன்னு ஆடாமலே இருந்துடுவீங்களா?

– ஆடலன்னா விழாதில்ல? ஒண்ணாம் தேதி லிஸ்ட் வருது. மேல இருக்குற அஞ்சு பேர் நேஷனல் டீம். நான் அஞ்சாவது. அதுவரைக்கும் வாய மூடிக்கிட்டு வீட்ல கிடந்தா போதும்.

– நல்லாத்தான் இருக்கு போங்க. ஆடி வாங்கின இடத்த சோபாவுல படுத்துக்கிட்டு காவல் காக்குறீங்க. பாக்கப் பாக்க எனக்குப் பத்திக்கிட்டு வருது.

– எனக்கு மட்டும் இனிக்குதா? பயமா இருக்கு, போதுமா? சொல்ல வெச்சுட்டியே!

– பயம்னா பயம்னு சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன். காய்ச்சல்னு கதை விடாதீங்க. பாப்பா அழுறா பாருங்க, கொஞ்சம் தூக்குங்க.

– நீயே தூக்கும்மா, கணக்குப் போட்டுட்டு இருக்கேன். எனக்குக் கீழ இருக்குறவன் நாப்பது புள்ளி தள்ளி இருக்கான். இந்த ஒரு போட்டியில எட்டிப் பிடிக்க மாட்டான்.

– நடுவுல ஒரு பேரத் தாண்டிட்டீங்க.

– எது? ஓ, ஆறாவதா? அது சும்மா லிஸ்ட்ல நிக்கிற பேரு. எத்தனை மாசமா ஒரு ஆட்டம் கூட இல்ல.

– ஆறே புள்ளிதான் வித்தியாசம்.

– ஆறா இருந்தா என்ன, அறுபதா இருந்தா என்ன? ஆடாத பேரு எப்படிம்மா ஏறும்?

– அதையேதான் நானும் நேத்து யோசிச்சேன்.

– யோசிச்சு?

– சும்மா நிக்கிற அந்தப் பேரு உங்க பொண்டாட்டியோடதுங்க. நாளைக்கு அதே போட்டிக்குப் பேரு குடுத்துட்டேன். காலையில பாப்பாவுக்குப் பால் நீங்க கலக்குங்க, வீட்லதானே இருக்கப் போறீங்க.