பதினாறு மணி நேரச் சிவப்பு

அழியலம்மா! அதைத்தான் சொல்றேன், அழியவே மாட்டேங்குது! சிரிக்காத. எல்லாரும் அழிஞ்சு போச்சுன்னு திருப்பிக் கொண்டு வருவாங்க, நான் அழியலன்னு தூக்கிட்டு வந்திருக்கேன். எவ்வளவு கேவலமா இருக்குன்னு எனக்கே தெரியுது. இந்தா, நீ குடுத்த அதே லிப்ஸ்டிக்கு. டப்பாவும் இருக்கு, இரு, பையில எங்கயோ... இது பிஸ்கட்டு. இது ஒத்தை சாக்ஸு. இன்னொண்ணு எங்கன்னு கேக்காத. ஆங், இந்தா டப்பா. மூணு வாரத்துக்கு முன்னாடி இதே கவுண்டர், இதே நீதான். என் மணிக்கட்டுல ஒரு கோடு இழுத்து, தண்ணி தெளிச்சு, டிஷ்யூ வச்சுத் தேச்சு, "பதினாறு மணி நேரம் அசையாதுக்கா"ன்னு சொன்ன. அசையல. நீ பொய் சொல்லலம்மா. சொல்லியிருந்தா நான் பொழச்சிருப்பேன்.

என்ன எடுக்கற? இரு இரு, அதை அப்புறம் காட்டு. நான் சொல்லி முடிச்சுக்கறேன்.

எனக்கு அரை மணி நேரம்தான் இருக்கு. ஆறு மணிக்கு என் பொண்ணை காப்பகத்துலேருந்து கூட்டிக்கணும். எதிர்ச் சந்துல, மஞ்ச கேட்டு இருக்கே, அதுதான். அதுக்குள்ள இந்தச் சிவப்பு போயாகணும். இதுக்காகவே இன்னிக்குப் பர்மிஷன் போட்டுட்டு ஓடி வந்திருக்கேன். இதோட அங்க போய் நின்னா அவ என்கிட்ட வரமாட்டா. நெஜமாதான் சொல்றேன். மூணரை வயசு. பெத்தவ முன்னாடி வந்து நிக்கறேன், வரமாட்டேங்கறா!

நீயே யோசிச்சுப் பாரேன். காலைல எனக்குன்னு கிடைக்கறது பதினோரு நிமிஷம். அவ பால் குடிக்கற நேரம். குளியல் இதுல சேத்தி இல்ல, அது தனிக் கூத்து. கதவைத் திறந்து வச்சுக்கிட்டு, "அம்மா இருக்கேன், அம்மா இருக்கேன்"னு கத்திக்கிட்டே ஊத்திக்கணும். தலை பின்னறதெல்லாம் போன ஜென்மத்துல. இப்போ ஒரு முறுக்கு, ஒரு கிளிப்பு, அவ்வளவுதான். சட்டைக்கு முன்பக்கம் மட்டும் இஸ்திரி, வீடியோ மீட்டிங்ல எவன் என் முதுகைப் பாக்கப்போறான்? கண்ணுக்கு மை போட ஆரம்பிச்சா, ஒரு கண்ணு முடியறப்போ அங்க பால் கொட்டியிருக்கும். அப்படியே ஒத்தைக் கண் மையோட மூணு தடவை ஆபீஸ் போயிருக்கேன். ஒருத்தர் கூட ஒண்ணும் கேக்கல. அதுதாம்மா எனக்கு வலிச்சது! ரெண்டு கண்ணுக்கும் போட்டுக்கிட்டுப் போன நாள்லயும் இவங்க பாத்ததே இல்ல போலிருக்கு.

லிப்ஸ்டிக் எப்படி வந்துச்சுன்னா, பிரசவ லீவு முடிஞ்சு முதல் நாள் வெறும் மூஞ்சோட போனேன். வாசல்ல வாட்ச்மேன், "என்னம்மா, உடம்பு முடியலையா?" டீ போடற அக்கா, "காய்ச்சலா கண்ணு?" மேனேஜர், "முடியலன்னா இன்னும் நாலு நாள் கழிச்சு வந்திருக்கலாமே." எனக்கு ஒண்ணுமே இல்லம்மா! என் மூஞ்சியே அதுதான்! மறுநாள் பழைய லிப்ஸ்டிக்கு ஒண்ணைத் தேடி எடுத்து உதட்டுல ஒரு இழுப்பு, மிச்சத்தைக் கன்னத்துல ரெண்டு தட்டு. எட்டு செகண்டு. ஒருத்தர் வாயத் திறக்கல. அன்னிலேருந்து அதுதான் என் மொத்த அழகு நிலையம்.

...ஒரு நிமிஷம்மா. சார்! சொல்லுங்க சார். ஆமா சார், வெளியிலதான்... இல்ல இல்ல, பேசலாம் சார். அந்த நாப்பதடிக் கன்டெய்னர் பெட்டியா? துறைமுகத்துலதான் சார் நிக்குது, பேப்பர் வரல. பாத்துச் சொல்றேன் சார்.

எங்க மேனேஜர். நாங்க வச்ச பேரு 'ஒரே நிமிஷம்'. அப்படிச் சொல்லித்தான் ஆரம்பிப்பார், முக்கா மணி நேரம் ஆகும். கப்பல்ல சரக்கு அனுப்பற ஆபீஸ் எங்களுது. எந்தக் கடல்ல எந்தப் பெட்டி மிதக்குதுன்னு கேளு, தூக்கத்துல எழுப்பினாலும் சொல்வேன். என் சீப்பு எங்கன்னு கேளு, தெரியாது.

எங்க விட்டேன்? ஆங், பொண்ணு. அவளைக் காப்பகத்துல விட்ட புதுசுல தினம் அழுகை. கால்ல கட்டிக்கிட்டு விடமாட்டா. எப்போ வருவேன்னு அவளுக்கு எப்படிப் புரிய வைக்கறது? கடிகாரம் தெரியாது, அஞ்சு மணி ஆறு மணின்னா என்னன்னு தெரியாது. ஒருநாள் எனக்கு மூளை வேலை செஞ்சுச்சு, அதுதான் தப்பு. உக்காந்து சொன்னேன்: "இங்க பாரு கண்ணு, உதட்டுல சிவப்பு இருந்தா அம்மா ஆபீஸ்ல இருக்கேன். சிவப்பு போயிடுச்சுன்னா அம்மா உன்கிட்ட வந்தாச்சு."

கப்புனு பிடிச்சுக்கிட்டாம்மா! மறுநாள்லேருந்து அழுகை நின்னு போச்சு. காலைல நான் பூசறதைப் பாப்பா, "ஆபீஸ்"ம்பா, டாட்டா காட்டுவா. பழைய லிப்ஸ்டிக்கு டீயிலயும் சாப்பாட்டுலயும் கரைஞ்சு சாயந்தரத்துக்குள்ள தானா போயிடும். கேட்டுல அவ ரெண்டு விரலால என் தாடையைப் பிடிச்சு, வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, இந்த ஓரம் பாப்பா, அந்த ஓரம் பாப்பா. "ம், போயிடுச்சு" அப்படின்னு தீர்ப்பு சொல்லிட்டு ஒரே தாவு, கழுத்துல. இன்ஸ்பெக்டர்னே பேரு வச்சுட்டோம். நான் என்ன பண்ணேன்? சும்மா இருந்தேனா? ஆபீஸ்ல இருக்கற மூணு அம்மாக்களைக் கூப்பிட்டு வச்சு வகுப்பெடுத்தேன். "குழந்தைக்குப் புரியற மாதிரி சொல்லணும்ப்பா"ன்னு. பெரிய இவ!

அந்த லிப்ஸ்டிக்கு தீந்து போச்சு. உன்கிட்ட வந்தேன். மத்தியானம் ரெண்டாவது தடவை பூச நேரமில்லன்னு, ஒரு தடவை போட்டா நாள் முழுக்க நிக்கணும்னு நானேதான் கேட்டேன். நீ குடுத்த. முதல் நாள் சாயந்தரம் கேட்டுல இன்ஸ்பெக்டர் தாடையைப் பிடிச்சா. இந்த ஓரம், அந்த ஓரம். தாடையை விட்டுட்டா. உள்ள திரும்பி, பாத்துக்கற அக்காகிட்ட நிதானமாச் சொல்றா: "அம்மா இன்னும் வரல."

நான் அங்கதான் நிக்கறேன்! கையில அவ செருப்பை வச்சுக்கிட்டு நிக்கறேன்! "வந்துட்டேன் கண்ணு"ங்கறேன், "நீ ஆபீஸ்ல இருக்க"ங்கறா. உள்ள போய் பொம்மையோட உக்காந்துட்டா. கடைசில அவங்க அப்பாவுக்குப் போன் போட்டு வரவழைச்சேன். அவரும் ஆபீஸ்லேருந்துதாம்மா வரார்! ஆனா அவர் லிப்ஸ்டிக் போடறதில்லையே, அதனால அவர் எந்நேரமும் வீட்டுல இருக்கறவர்! அவர் தோள்ல ஏறிக்கிட்டு எனக்கு டாட்டா காட்டறா.

அப்புறம் நான் பண்ணாத வேலை இல்ல. சோப்பு போட்டேன். எண்ணெய் போட்டேன். சர்க்கரை வச்சுத் தேச்சேன். டூத் பிரஷ்ஷால தேச்சேன், ஏதோ ஒரு பேஸ்ட்ட போட்டு. உதடு இவ்வளவு தடிமன்ல வீங்கி, மறுநாள் மீட்டிங்ல குளவி கொட்டிடுச்சான்னு கேட்டாங்க. பூசாமப் போயிருக்கலாமேன்னு பாக்கறியா? ஒருநாள் பூசாமதான் கிளம்பினேன். சிவப்பு இல்லையே, அப்போ அம்மாவுக்கு ஆபீஸ் இல்லன்னு அவ செருப்பைக் கழட்டிட்டு உக்காந்துட்டா! நான் போட்ட சட்டம், என் தலையிலயே வந்து விழுது.

அதனால இதை எடுத்துக்கிட்டு, சட்டுனு அழியற மாதிரி மட்டமா ஏதாவது ஒண்ணு குடு. கடையிலயே மட்டமானது. இல்ல, அதைச் சொல்லு, இவ்வளவு நேரமா என்ன காட்டிக்கிட்டே இருக்க? டப்பாவா? டப்பாவுல என்ன... இந்தக் காலித் தட்டா? அங்க என்ன இருந்துச்சு? குட்டி பாட்டிலு... நீலமா, சுண்டுவிரல் அளவுக்கு...

ஐயையோ.

அது செண்ட்டு இல்லையா?

இரு. இந்தா, பையிலதான் கிடக்கு. அடக் கடவுளே. நான் இதை பஸ்ல ரெண்டு தடவை கழுத்துல தடவிக்கிட்டேம்மா! பக்கத்துல இருந்தவங்க நகந்து உக்காந்தப்போ கூட்டம்னு நெனச்சேன். சிரி, நல்லா சிரி. அன்னிக்கே சொன்னியா நீ? இதை வச்சுதான் எடுக்கணும்னு? நான் கேக்கலையே... நான் என்ன பண்ணிட்டிருந்தேன் அப்போ? போன்ல பேசிட்டிருந்தேனா?

ஆமா. பேசிட்டிருந்தேன்.

சரி, பஞ்சு குடு. ஒரு இழுப்பு... அட! போயிடுச்சே! மூணு வாரமா என் தோலு உரிஞ்சுச்சு, இது ஒரே இழுப்புல போகுது!

...ம்? இல்ல, கிளம்பறேன். மணி அஞ்சே முக்கால் ஆச்சுல்ல, கிளம்பணும்.

உன்கிட்ட ஒண்ணு சொல்லட்டுமா? நீ யாரோ, நான் யாரோ. வீட்டுல சொல்ல முடியல, அதான்.

ஞாயித்துக்கிழமை. லீவு. உதட்டுல ஒரு பொட்டுச் சிவப்பு இல்ல. தரையில உக்காந்து அவளும் நானும் கட்டையெல்லாம் அடுக்கி வீடு கட்டறோம். ஒரு கட்டை வைப்பேன், ஒரு மெசேஜ் பாப்பேன். ஒரு கட்டை, ஒரு மெசேஜ். அந்த நாப்பதடிப் பெட்டிதான், அன்னிக்கும் அதுதான். அவ என்னவோ கேட்டிருக்கா, மூணு தடவை கேட்டிருக்கா. நான் "ம்ம்"னிருக்கேன். எந்திரிச்சு கிட்ட வந்தா. ரெண்டு விரலால தாடையைப் பிடிச்சா. இந்த ஓரம் பாத்தா, அந்த ஓரம் பாத்தா. ஒண்ணும் இல்ல. அப்புறம் போனைப் பாத்தா. குழம்பிப் போயிட்டா போல. உள்ள போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி இந்த லிப்ஸ்டிக்கை எடுத்துட்டு வந்தா. என் மடியில ஏறி உக்காந்து, நாக்கை வெளிய நீட்டிக்கிட்டு, அவ்வளவு கவனமா, எனக்குப் பூசி விட்டா. மூக்கு வரைக்கும்.

பூசிட்டு, "இப்ப சரி"ன்னா. இறங்கிப் போய் பொம்மையோட வீடு கட்ட ஆரம்பிச்சுட்டா.

அவ அழலம்மா. கோவமும் இல்ல. என் கணக்கைச் சரி பண்ணி விட்டுட்டுப் போறா, அவ்வளவுதான். நான் என்ன பண்ணேன் தெரியுமா? சிரிச்சேன். சிரிச்சு, போட்டோ எடுத்து, ஆபீஸ் குரூப்புல போட்டேன்! எல்லாரும் கைதட்டல் அனுப்பினாங்க. 'ஒரே நிமிஷம்' என்ன அனுப்பினார் தெரியுமா? "சூப்பர். ஆன்லைன்லதான் இருக்கீங்க போல, ஒரே நிமிஷம்." நானும் எழுந்து பால்கனிக்குப் போயிட்டேன். பேசி முடிச்சுத் திரும்பி வந்தப்போ அவ வீட்டைக் கட்டி முடிச்சுட்டா.

வரமாட்டேங்கறான்னு சொன்னேனே, அது போன வாரம் வரைக்கும்தான். திங்கட்கிழமைலேருந்து அவ என் தாடையைப் பிடிக்கறதே இல்ல. கேட்டுக்கு வரா, பையை மாட்டிக்கறா, கை குடுக்கறா, கூட நடந்து வரா. தகராறே இல்ல. காப்பகத்து அக்கா கூட, "பாத்தீங்களா, பழகிட்டா"ன்னு சந்தோஷப்பட்டாங்க. வரமாட்டேன்னு உக்காந்திருந்தாளே, அது எவ்வளவோ தேவலாம்மா. அப்போ நான் வரணும்னு காத்துக்கிட்டாவது இருந்தா. மூணு நாளா இந்த லிப்ஸ்டிக்கைத் திட்டிக்கிட்டே திரியறேன். அது பாவம், அது என்ன பண்ணும்?

...அடிக்குது பாரு. அவர்தான். நேரம் பாத்து அடிப்பார்.

ஹலோ சார். ...இல்ல சார். ஒரே நிமிஷமும் இல்ல சார். பெட்டி எங்கயும் ஓடிப் போகாது சார், பேப்பர் வராம அதுக்குப் போக வழியில்ல. ...என்ன சார்? ...சிவப்பு போயிடுச்சு சார். ...உங்களுக்குப் புரியாது சார், நாளைக்குக் காலைல பூசிட்டு வரேன், அப்போ சொல்றேன்.

வச்சுட்டேன். இதை எப்படிம்மா ஒரேயடியா அணைக்கறது? சத்தத்தைக் குறைக்கத்தான் தெரியும், அணைச்சே பழக்கமில்ல. இந்தப் பொத்தானா, அழுத்திப் பிடிச்சுக்கணுமா? ம். போச்சு.

அந்த லிப்ஸ்டிக்கைக் குடு. திருப்பித் தரலம்மா, குடு, நாளைக்கு ஆபீஸ் இருக்கே. அந்த நீல பாட்டிலையும் குடு. நேரமாச்சு, ஓடணும். இரு, போறதுக்கு முன்னாடி இப்படி வெளிச்சத்துல நிக்கறேன், நீ நல்லாப் பாத்துச் சொல்லு. இந்த ஓரம்? அந்த ஓரம்? ஒரு பொட்டு கூட இல்லையே? அவ பாக்க மாட்டா, தெரியும். நானே முட்டி போட்டு உக்காந்து தாடையைத் தூக்கிக் காட்டப்போறேன். அவ விரலை வைக்கற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்.