எறும்பு நீலனின் வட எல்லை

உங்கள் காவல் நிலையத்துக் காபி கொஞ்சம் நீர்த்திருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை, முப்பத்தொரு வருடம் நில அளவைத் துறையில் இருந்தவன், காட்டில் இதைவிட மோசமான காபியைக் குடித்திருக்கிறேன். அவசரப்படாமல் கேட்பதாக இருந்தால் வரிசையாகச் சொல்கிறேன். மேஜைமேல் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறீர்களே, அந்தக் குறிப்பேட்டைக் கடைசியில் பார்ப்போம்.

என் பெயர் ஆர்னோ துர்க்கியா. வயது அறுபத்தாறு. பட்டாம்பூச்சிகளைப் பதிவு செய்யத் தொடங்கி இந்தக் கோடையோடு இருபத்திரண்டு வருடம். இந்த வட கர்யாலா மாகாணத்தில் யார் எந்தப் பட்டாம்பூச்சியைப் பார்த்ததாக எழுதினாலும் அது என்னிடம்தான் வரும். நான் ஏற்றுக்கொண்டால் அது பதிவு. நிராகரித்தால் யாரோ கண்ட கனவு.

ஹியெத்தலா மணல்மேட்டுக்கு நீங்கள் போயிருப்பீர்கள். பைன் மரங்கள் விலகிய தெற்குச் சரிவில், தரையோடு ஒட்டிப் படரும் ஊதாப் பூக்களுக்கு நடுவே எறும்பு நீலன் பறக்கும். அதைக் கண்டுபிடித்தவன் நான். உலகத்தில் அந்த இனம் வாழும் இடங்களில் ஆக வடக்கே இருப்பது அந்தச் சரிவு. அதற்கு அப்பால் ஒன்றுகூடக் கிடையாது. அங்கே ஒரு பலகை இருக்கிறது, அதில் என் பெயர் இருக்கிறது. ஜெர்மனியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் ஆட்கள் வந்து, மணலில் மண்டியிட்டுப் படம் எடுத்துவிட்டு என் கையைக் குலுக்குவார்கள். "இதற்கு அப்பால் இல்லை" என்று அவர்களிடம் சொல்வேன். பத்தொன்பது வருடம் அதைச் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பூச்சியின் வாழ்க்கையைக் கேட்டால் பள்ளிப் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். புழு சில வாரம் பூவைத் தின்னும், பிறகு தானே தரையில் விழும். எறும்புகள் தங்கள் குஞ்சு என்று நினைத்து அதைப் புற்றுக்குள் தூக்கிப் போகும். பத்து மாதம் இருட்டில் கிடந்து, தூக்கி வந்தவர்களின் குஞ்சுகளையே தின்று அது வளரும். எனக்கு அதில் குற்றம் எதுவும் தெரிந்ததில்லை. தன் இடத்தில் இருக்க அதற்கு அது தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.

ஹெல்கா முஹோனன் எங்கள் ஊர்ப் பள்ளியில் சமையல்காரியாக இருந்தவள். நன்றாகச் சமைப்பாள், அதை மறுக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு, நான்கு வருடம் முன்பு, அவளுக்குப் பட்டாம்பூச்சி ஆசை வந்தது. முதல் பதிவை ஒரு வாழ்த்து அட்டையின் பின்பக்கம் எழுதி அனுப்பினாள். "போன வாரம் ஏரிப் பக்கம் நீலமா ஒண்ணு பார்த்தேன், ரொம்ப அழகு." நிராகரித்தேன்.

ஒரு பதிவுக்கு ஆறு கட்டங்கள் உண்டு. இனம், தேதி, நேரம், இடம், எண்ணிக்கை, அது என்ன செய்துகொண்டிருந்தது. ஒன்று காலியாக இருந்தாலும் செல்லாது. அவளுக்கு இதை ஏழு முறை எழுதியிருக்கிறேன். ஏழு முறையும் ஏதாவது ஒரு கட்டத்தைக் காலியாக விட்டே அனுப்பினாள். அதில் மூன்று, குய்க்கா பண்ணையில் எறும்பு நீலனைப் பார்த்ததாகச் சொல்லின. குய்க்கா, ஹியெத்தலாவுக்கு ஆறு கிலோமீட்டர் வடக்கே. ஆள் குடியிருந்து முப்பது வருடம் ஆகிறது.

ஊர்க் கடையின் ஓரத்தில் காபி குடிக்கும் மேஜை இருக்கிறது. நான் உள்ளே நுழைந்ததுமே அவள் ஆரம்பிப்பாள்.

"வாங்க எல்லைக்காவலரே. ஒரு பூச்சி உங்ககிட்ட பாஸ்போர்ட் காட்டாம வடக்கே போயிருச்சாம்ல?"

"படம் இருக்கா?" என்று கேட்பேன்.

"நான் பார்த்தேன். என் கண்ணு போதாதா உனக்கு?"

"போதாது."

"முப்பது வருசம் நான் போட்ட சூப்பைக் குடிச்ச புள்ளைங்க ஒருத்தர்கூட படம் கேட்டதில்ல ஆர்னோ."

கடைக்காரர் ரைமோ கல்லாவுக்குப் பின்னால் குனிந்து சிரிப்பார். நான் காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் கிளம்புவேன். எனக்குக் கோபம் வந்ததே இல்லை. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

போன கோடையில் படம் வந்தது. இறக்கையின் அடிப்பக்கம், புள்ளிகள், ஓரத்து நீலத் தூசு, எல்லாம் தெளிவாக இருந்தன. நேரம் எழுதவில்லை. ஆனாலும் படம் படம்தான். மறுநாள் யாரிடமும் சொல்லாமல் குய்க்காவுக்குப் போய் நானே பார்த்தேன். இருபத்து மூன்று. ஹியெத்தலாவில் அந்த வருடம் பதினொன்றுதான்.

அங்கே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து யோசித்தேன். அங்கிருந்த ஊதாச் செடிகளை ஒரே நாளில் பிடுங்கிப் போட்டிருக்க முடியும். மணலைக் கிளறினால் புற்றுகள் போயிருக்கும். அப்படி ஒரு நினைப்பே எனக்கு வரவில்லை என்பதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். குய்க்காவில் ஒரு பட்டாம்பூச்சியை நான் தொட்டதில்லை. அது பாதுகாக்கப்பட்ட இனம்.

எல்லை ஆறு கிலோமீட்டர் நகர்ந்துவிட்டது, அதை ஏற்றுக்கொண்டேன். எல்லை நகர்ந்தால் அதைக் காப்பவனும் கூடவே நகர வேண்டும். அங்கே வேறொருத்தி நின்றுகொண்டிருந்தாள், அது ஒன்றுதான் சிக்கல்.

படத்தை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் ஒரு கோடை முழுக்க வாரம் ஒருமுறை எண்ணிக்கை நடை நடந்தால்தான் அது நிலையான வாழிடம் என்று உறுதியாகும் என்று எழுதினேன். விதி அப்படித்தான். அவள் நடக்க வேண்டிய கோட்டை நானே வரைந்து தந்தேன். அறுநூறு மீட்டர், நேர்க்கோடு, நான்கு பகுதிகள். ஐம்பதுகளில் வரைந்த நில வரைபடத்தில் மூன்றாம் பகுதியில் ஒரு சிறிய வட்டம் உண்டு. அது கிணறு என்று நில அளவைக்காரனுக்குத் தெரியாமல் இருக்காது.

எண்ணிக்கை நடையை உங்களுக்கு விளக்க வேண்டும். ஒரே வேகத்தில் நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் இரண்டரை மீட்டர், முன்னால் ஐந்து, மேலே ஐந்து. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பெட்டிக்குள் வருவதை மட்டும் எண்ண வேண்டும். கீழே என்று அதில் ஓர் அளவு கிடையாது. நன்றாக எண்ணுகிறவர்கள் காலடியைப் பார்ப்பதில்லை. அந்தப் பழக்கத்தை அவளுக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தவன் நான்தான்.

இந்த வருடம் ஜூன் நடுவில் தொடங்கினாள். இரண்டாவது வாரம் கடையில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆர்னோ, உன் கோடு நேரா பழைய கிணத்து மேல போகுது. மூடியிருக்கிற பலகையில கால் வச்சா முனகுது. பத்தடி தள்ளிப் போகட்டுமா?"

"கோடு போட்டாச்சு. தள்ளினா போன வாரக் கணக்கோட இந்த வாரத்தை ஒப்பிட முடியாது."

"நான் உள்ள விழுந்துட்டா எதோட ஒப்பிடுவ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்ததாக நினைவு. "பலகை தாங்கும்" என்றேன். அது பொய் இல்லை. பிறகு போய்ச் சோதித்தேன். மூன்று விரல் தடிமன், இன்னும் பத்து வருடம் தாங்கியிருக்கும். அதனால்தான் அவற்றை எடுக்க வேண்டியிருந்தது.

ஜூலை நான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை. காலை எட்டு மணிக்கு நான்கு பலகைகளையும் கழற்றிக் கொட்டகைக்குள் சாய்த்து வைத்தேன். கிணற்று வாயின் மேல் தளிர்ப் பைன் கிளைகளைப் பரப்பி, அவற்றின்மேல் பூத்திருந்த ஊதாச் செடியை மண்ணோடு பெயர்த்து வைத்தேன். செடிகளை என் வீட்டுத் தோட்டத்திலிருந்து கொண்டுபோனேன், குய்க்காவில் எடுக்கவில்லை. ஒன்பது மணிக்கு வண்டியைச் சாலையோரக் காட்டுக்குள் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். பதினொன்றுக்கு அவளுடைய சைக்கிள் போனது. ஏதோ பாடிக்கொண்டு போனாள். வெயில் இருந்தது, இருபத்தொரு டிகிரி, காற்று மெதுவாக. எண்ணுவதற்கு அதைவிட நல்ல நாள் அமையாது.

பன்னிரண்டு மணிக்கு நான் கோட்டின் தொடக்கத்துக்குப் போனேன். ஏன் போனேன் என்று நேற்று இரண்டு முறை கேட்டீர்கள். ஒரு வாரம் காலியாகிவிட்டால் அந்த வருடமே வீணாகிவிடும். அவளால் முடியாது என்று தெரிந்த ஒரே ஆள் நான். ஆகவே நான் எண்ண வேண்டியதாயிற்று. படிவத்தில் பதிவாளர் என்ற இடத்தில் என் பெயரைத்தான் எழுதினேன். அடுத்தவர் பெயரில் நான் ஒருநாளும் எழுதியதில்லை.

மூன்றாம் பகுதிக்கு வந்தபோது குரல் கேட்டது.

"யாரு? ஆர்னோவா? உன் நடை எனக்குத் தெரியும். கயிறு ஏதாவது கொண்டா, கால் உடைஞ்சிருச்சு."

எண்ணும்போது பேசக் கூடாது. விளிம்பு வரை போனேன், கோடு அங்கே போகிறது. ஒரு தடவை உள்ளே பார்த்தேன். தண்ணீர் அவள் இடுப்பளவு இருந்தது. அவள் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா பார்க்கற? தண்ணி ஐஸா இருக்கு. வெளையாடாத ஆர்னோ."

நான் இரண்டு அடி விலகிக் கிணற்றைச் சுற்றிக்கொண்டு மேற்கொண்டு நடந்தேன். அப்படி விலகியதைக் குறிப்புகள் பகுதியில் எழுதியிருக்கிறேன். நீங்கள் என் வீட்டுக்கு வந்ததே அந்த வரியால்தானே.

முதுகுக்குப் பின்னால் அவள் குரல் சின்னதாகிக்கொண்டே வந்தது. "எண்ணி முடிச்சிட்டு வர்றியா? சரி, எண்ணு. சீக்கிரமா எண்ணித் தொலை." அதன் பிறகு அவள் சொன்னது எனக்குப் புரியவில்லை. மொத்தம் பத்தொன்பது எறும்பு நீலன்கள். திரும்பும்போது காட்டு வழியாக வந்தேன், கோட்டில் இரண்டு முறை நடந்தால் பூச்சிகள் கலையும். வண்டியில் உட்கார்ந்து கறுப்பு ரொட்டி சாப்பிட்டேன்.

புதன்கிழமை மாலை வரை உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். எனக்கு அது தெரியாது. அதற்குள் நான் படிவத்தை அனுப்பியிருந்தேன்.

இப்போது குறிப்பேட்டைக் கொடுங்கள். இது அவளுக்கு நான் வாங்கித் தந்தது, தண்ணீரில் கரையாத தாள். மை கலைந்துவிடும், பென்சிலில்தான் எழுத வேண்டும் என்று சொன்னதும் நான்தான். கடைசிப் பக்கம். எழுத்து கோணியிருக்கிறது, ஆனாலும் படிக்க முடிகிறது.

இனம்: ஆர்னோ துர்க்கியா, வளர்ந்த ஆண்.
தேதி: ஜூலை 4.
நேரம்: 12.26.
இடம்: குய்க்கா பண்ணை, மூன்றாம் பகுதி, கிணறு.
எண்ணிக்கை: 1.
என்ன செய்துகொண்டிருந்தது: விளிம்பு வரை வந்தது. என்னைப் பார்த்தது. கூப்பிட்டேன். எண்ணிக்கொண்டே வடக்கே போனது.

அடியில் சின்னதாக ஒரு வரி: படம் இல்லை, மன்னிக்கவும்.

என் கைக்கடிகாரத்தில் அப்போது 12.24. இரண்டு நிமிட வித்தியாசம் ஏற்கத்தக்கது. இடம் சரி. எண்ணிக்கையும் சரி, நான் தனியாகத்தான் போனேன். செய்ததாக எழுதியிருப்பதில் ஒரு சொல்கூட மிகை இல்லை. நான்கு வருடத்தில் அவள் எழுதிய பதிவுகளில் ஆறு கட்டமும் நிரம்பியிருப்பது இது ஒன்றுதான். படம் இல்லாததை இந்த ஒருமுறை நான் பெரிதுபடுத்தப் போவதில்லை.

அந்தப் பென்சிலை இப்படித் தாருங்கள். சரிபார்த்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

ஏற்றுக்கொள்ளப்பட்டது.