ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர்

— ஆஸ்பத்திரிச் சேதியை அப்புறம் சொல்லு ராணி. முதல்ல கதவைச் சாத்திட்டு இப்படி உக்காரு.

— என்னங்க, அண்ணனைப் பத்தித்தான்...

— இருக்கட்டும்னேனே! பம்பாய்க் கம்பெனி ஆள் இப்பத்தான் வந்துட்டுப் போறான். என்னை எடுத்துக்கிறாங்களாம். கன்சல்டிங் இன்ஜினியர் ஸ்தனிஸ்லாஸ்! மெட்ராஸ்ல வீடு, போக வர பர்ஸ்ட் கிளாஸ் டிக்கெட். நாளைக்குள்ள பதில் சொல்லணும், புரியுதா?

— ஆளைக் குறைக்க வழி சொல்றேன்னு கடிகாரத்தைக் கையில பிடிச்சுக்கிட்டு உங்க மில்லு முழுக்கச் சுத்தினாரே, அவர் கம்பெனியா?

— அதேதான்.

— முக்கொம்பு அணையைச் சுத்திக் காட்டக் கூட்டிட்டுப் போனோமே. நான் பொரிச்ச மீனைத் தின்னுட்டு, பாய்லர் ரூம்ல ஒருத்தன் சும்மா ஸ்டூல்ல உக்காந்திருக்கான், அவனை வேலையை விட்டு எடுத்துடுங்கன்னாரே.

— ஆரம்பிக்காதே ராணி.

— வெள்ளைச்சாமி அண்ணே சும்மாவாங்க உக்காந்திருந்தாரு? தண்ணிக் கண்ணாடியைப் பார்த்துக்கிட்டு இருந்தாரு. பாய்லர்ல தண்ணி இறங்கினா அவரு கத்துவாரு, எங்கண்ணன் கரி போடறதை நிறுத்துவாங்க. உக்காந்து பார்க்கிறதுதானே அவரு வேலையே!

— எனக்குத் தெரியாதா? மேனேஜர் எடுன்னார், கையெழுத்துப் போட்டது நான். மில்லு வேலைன்னா இதான். எது வெடிச்சாலும் இன்ஜினியர் தலைதான் உருளும். கன்சல்டிங்னா யோசனை சொல்லிட்டு ரயில் ஏறிடலாம். உன் மீனைத் தின்னவனை இன்னிக்கு யாராவது தேடறாங்களா, சொல்லு.

— தேடலை.

— பார்த்தியா! நான் மட்டும் இத்தனை வருஷம் புகையைத் தின்னு, சங்கு ஊதினா செருப்புக்கூடப் போடாம ஓடி... போதும்டி, போதும்.

— திருவெறும்பூர்ல புதுசா பாய்லர் செய்யற பாக்டரி கட்டறாங்களே, அங்கே போகணும்னு கிடந்தீங்களே. நான் செஞ்ச மிஷினை நானே ஓட்டிப் பார்க்கணும்னு சொல்லி என் உயிரை எடுத்தீங்களே!

— அதெல்லாம் பாய்லர் வெடிக்கிறதுக்கு முன்னாடி. இப்ப என்னை எவன் எடுப்பான்?

— அப்ப பம்பாய்க்காரங்க மட்டும் ஏன் எடுக்கிறாங்க?

— நல்ல கேள்வி போ. திறமை இருக்கு, எடுக்கிறாங்க.

— என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க.

— முதல் வேலையா ஒரு ரிப்போர்ட் எழுதித் தரணும். நம்ம பாய்லரைப் பத்தி.

— என்னன்னு?

— ஆளைக் குறைச்சதால இல்லை, கரி போடறவர் தூங்கிட்டார், அதனாலதான்னு.

— கரி போடறவருக்குப் பேர் இல்லையா?

— அற்புதசாமி மச்சான்! போதுமா? ஏண்டி, எனக்கு மட்டும் வயிறு எரியலையா? உடம்பு பூரா வெந்து கண்ணே திறக்காம கிடக்கார். தேற மாட்டார்னு டாக்டரே கை விரிச்சுட்டார். நான் உண்மையை எழுதினா எழுந்து வந்துடுவாரா? நான்தான் கம்பி எண்ணுவேன். இந்த வேலை கிடைச்சா உன் அண்ணி ரோசரி அக்காவையும் பிள்ளைங்களையும் கூட்டிட்டுப் போய் நாமளே வச்சுக் காப்பாத்தலாம், புரியுதா?

— தூங்கி மில்லைக் கெடுத்தவன் பிள்ளைங்கன்னு பேர் வாங்கிக்கிட்டு, உங்க சோத்தைத் திங்கணுமா?

— பேர் சோறு போடாது ராணி.

— தண்ணி பார்க்க ஆள் வேணும்னு அண்ணன் உங்ககிட்ட வந்து கேட்டாங்களா, இல்லையா?

— கேட்டார். கெஞ்சினார். கொஞ்ச நாள் சமாளிங்க மச்சான்னு அனுப்பிட்டேன். அது உனக்கும் எனக்கும்தான் தெரியும். அவர் இனிமே வாயைத் திறக்கப் போறதில்லை, நீயும் திறக்காதே... என்ன இது, மாதா கோயில்ல துக்க மணி அடிக்குது? யாருக்கு?

— அதைச் சொல்லத்தானே வந்தேன், விட்டீங்களா? காலையில அண்ணன் கண்ணு முழிச்சாங்க. பாய்லர் இன்ஸ்பெக்டர் கட்டில் பக்கத்துல உக்காந்து, என்னய்யா நடந்ததுன்னு கேட்டாரு. "நான் தூங்கிட்டேங்க ஐயா, எங்க மாப்பிள்ளை மேல ஒரு தப்பும் இல்லை"ன்னு சொல்லிட்டு, என் கையைப் பிடிச்சுக்கிட்டே போயிட்டாங்க.